சதுரங்க மன்னர் சுல்தான்கான்

முன்னாள் உலகச் சாம்பியனையே மடக்கிய பஞ்சாப் வீரரின் கதை

மகாகவி பாரதியார் கடையத்தில் குடியிருந்த காலம் அது.

1918-ம் ஆண்டுக் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையான பாரதியார், மனைவி செல்லம்மாளின் பிறந்த ஊரான கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920 வரை அந்த ஊரில்தான் வாழ்ந்தார்.

அதே ஆண்டுகளில், வடக்கே வெகு தூரத்தில், பஞ்சாப் கிராமம் ஒன்றில் வாலிபப் பையன் ஒருவன் சதுரங்கப் பலகையின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பான். அவன் பெயரை அப்போது பக்கத்து ஜில்லாவில்கூட யாரும் கேள்விப்பட்டதில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. அந்தப் பையனின் பெயர் லண்டன் பத்திரிகைகளில் வந்தது. ஐரோப்பாவின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அவரைக் கண்டு கவலைப்பட்டார்கள்.

அவர்தான் மீர் சுல்தான்கான்.

நாட்டு ஆட்டம்

பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா என்ற ஊரில், 20-ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சுல்தான்கான் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

ஒன்பது வயதில் தந்தையிடம் சதுரங்கம் கற்றுக்கொண்டார்.

அவர் கற்றது இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஆட்டம் அல்ல. நம் நாட்டுப் பழைய ஆட்டம். பலகை ஒன்றுதான். கட்டங்கள் அதே 64-தான். ஆனால் சட்டங்களில் பல வித்தியாசங்கள் உண்டு.

இன்றைய ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை நகரும்போது இரண்டு கட்டம் தாவலாம். நாட்டு ஆட்டத்தில் எப்போதும் ஒரே கட்டம்தான்.

இன்றைய ஆட்டத்தில் ராஜாவும் யானையும் ஒரே தடவையில் இடம் மாறிக் கோட்டை கட்டிக்கொள்ளலாம். நாட்டு ஆட்டத்தில் அந்த வசதி கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம்.

நாம் ராணி என்று சொல்லும் காய்க்கு அங்கே மந்திரி என்று பெயர். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்குப் பதவி உயர்வு கொடுப்பதிலும் வேறுபாடு உண்டு. ஊருக்கு ஊர்கூடச் சட்டம் மாறும்.

சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகர்வதால் நாட்டு ஆட்டம் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். அவசரக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. எதிரியின் ராஜாவை எப்படி வளைப்பது, எந்த வழியை முதலில் அடைப்பது, எந்த வழியைக் கடைசியில் அடைப்பது என்று பொறுமையாக யோசிப்பவனுக்கே வெற்றி.

அந்தப் பொறுமைதான் சுல்தான்கானின் சொத்து. இருபதுகளின் தொடக்கத்திலேயே பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டார்.

செக்மேட் என்றால் என்ன?

சுல்தான்கானின் திறமையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், சதுரங்கத்தின் முடிவு எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சதுரங்கத்தில் எந்தக் காயையும் வெட்டலாம். ராஜாவை மட்டும் வெட்ட முடியாது. ராஜாவைத் தப்ப வழியில்லாமல் மடக்க வேண்டும். அதோடு ஆட்டம் முடிந்துவிடும்.

ராஜாவைத் தாக்கினால் அது செக். செக் வைத்ததும் எதிரிக்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று: ராஜா பத்திரமான கட்டத்துக்கு நகரலாம்.

இரண்டு: தாக்கும் காயை வெட்டிவிடலாம்.

மூன்று: தாக்கும் காய்க்கும் ராஜாவுக்கும் நடுவே தன் காய் ஒன்றை நிறுத்தி மறைக்கலாம். குதிரை கொடுக்கும் செக்கை இப்படி மறைக்க முடியாது. குதிரை தாவிவிடும்.

இந்த மூன்று வழிகளும் அடைபட்டால் அதுவே செக்மேட். ஷா மாத் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஷா என்றால் அரசன். அரசன் கதியற்றுப் போனான் என்பது பொருள்.

புதிதாக ஆடுகிறவர்கள் கை துறுதுறுக்க, கிடைத்த இடத்தில் எல்லாம் செக் வைப்பார்கள். ராஜா ஓடிக்கொண்டே இருப்பார். ஆட்டம் முடியாது. துரத்துவதால் ராஜா அகப்படுவதில்லை. ஓடும் வழியை அடைத்தால்தான் அகப்படுவார்.

இரண்டு யானைகள் கட்டும் வேலி

ஒரு சுலபமான உதாரணம் பார்ப்போம். வீட்டில் பலகை இருந்தால் காய்களை வைத்தே பார்க்கலாம்.

நம்மிடம் இரண்டு யானைகள் இருக்கின்றன. எதிரியிடம் ராஜா மட்டுமே இருக்கிறார். அவர் ஐந்தாவது வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு யானையை நாலாவது வரிசையில் நிறுத்துங்கள். அது வேலி. ராஜா அதைத் தாண்டிக் கீழே வர முடியாது.

இன்னொரு யானையை ஐந்தாவது வரிசைக்குக் கொண்டுவந்து செக் வையுங்கள். ராஜா ஆறாவது வரிசைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது நாலாவது வரிசை யானையை ஆறாவது வரிசைக்குக் கொண்டுபோய் செக் வையுங்கள். ராஜா ஏழாவது வரிசைக்குப் போவார். ஐந்தாவது வரிசை யானையை ஏழாவது வரிசைக்குக் கொண்டுபோனால் ராஜா எட்டாவது வரிசைக்குப் போவார். ஆறாவது வரிசை யானை எட்டாவது வரிசையில் இறங்கி செக் வைத்தால் தீர்ந்தது. ஏழாவது வரிசையில் ஒரு யானை. எட்டாவது வரிசையில் ஒரு யானை. அதற்கு மேல் வரிசை இல்லை. செக்மேட்!

நடுவில் ராஜா யானையின் பக்கத்தில் வந்து வெட்டப் பார்த்தால் பயப்பட வேண்டாம். யானையை அதே வரிசையின் மறு கோடிக்கு நகர்த்திவிடலாம். வேலி அப்படியே இருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ராஜாவுக்கு செக் இல்லை. ஆனால் நகரவும் இடம் இல்லை. வேறு காயும் நகர முடியாது என்ற நிலை வந்தால், இன்றைய சட்டப்படி அது வெற்றி அல்ல. ஆட்டம் சமன்!

எதிரியின் ராஜா தனியாக மூலைக் கட்டத்தில் நிற்கிறார். அங்கிருந்து ஒரு குதிரைத் தாவல் தூரத்தில் நம் ராணியை வைத்துவிட்டால் போதும். ராஜாவுக்கு செக்கும் இல்லை, போக்கிடமும் இல்லை. கைக்கு வந்த வெற்றி நழுவிவிடும். கடைசிக் காயை நகர்த்தும் முன், எதிரிக்கு எந்த வழி மிச்சம் இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

இந்தக் கடைசிக் கட்ட ஆட்டத்தில்தான் சுல்தான்கான் மன்னர்.

லண்டன் பயணம்

பஞ்சாபில் சர் உமர் ஹயாத் கான் திவானா என்ற பெரிய நிலப்பிரபு இருந்தார். அவருக்குச் சதுரங்கத்தில் மோகம் அதிகம். சுல்தான்கானைத் தம்மோடு வைத்துக்கொண்டு, மேல்நாட்டு முறை ஆட்டத்தைக் கற்க ஏற்பாடு செய்தார்.

1928-ல் அகில இந்தியப் போட்டி நடந்தது. சுல்தான்கான் ஒன்பது ஆட்டங்கள் ஆடினார். எட்டில் வெற்றி. ஒன்று சமன். தோல்வியே இல்லை.

மறு ஆண்டு, 1929-ல், உமர் ஹயாத் கான் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே போனதும் ஏமாற்றம் காத்திருந்தது. முதலில் ஆடிய ஒரு சிறிய போட்டியில் சுல்தான்கான் கடைசி இடத்துக்குத் தள்ளப்பட்டார்.

காரணம் என்ன?

மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கே புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தார்கள். முதல் பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள் அவர்களுக்கு மனப்பாடம். சுல்தான்கானுக்கு அந்தப் புத்தகங்கள் பழக்கம் இல்லை. நாட்டு ஆட்டத்தில் அந்தத் தொடக்கங்களுக்கு இடமும் இல்லை. மற்றவர்கள் மனப்பாடத்தில் வேகமாகக் காய் நகர்த்திய இடத்தில், அவர் தாமே யோசித்து வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வில்லியம் வின்டர், யேட்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய ஆட்டக்காரர்கள் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

அதே ஆண்டு கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கு வந்து சில மாதங்களே ஆன சுல்தான்கானும் அதில் கலந்துகொண்டார்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. முதல் பரிசு சுல்தான்கானுக்கு!

இந்தியாவை இங்கிலாந்து ஆண்டுகொண்டிருந்த காலம் அது. அந்த இங்கிலாந்தின் சதுரங்கச் சாம்பியன் ஓர் இந்தியர் என்ற செய்தி எல்லோரையும் திகைக்க வைத்தது.

கபாபிளாங்காவோடு மோதல்

1930-ம் ஆண்டுக் கடைசியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு பெரிய போட்டி தொடங்கியது. புத்தாண்டிலும் அது தொடர்ந்தது.

அதில் ஆட கியூபா நாட்டு வீரர் கபாபிளாங்கா வந்திருந்தார். 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்தவர் அவர். 1916 முதல் 1924 வரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். கடைசிக் கட்ட ஆட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்று உலகமே சொன்னது.

அவருக்கு எதிரே சுல்தான்கான் வெள்ளைக் காய்களோடு உட்கார்ந்தார்.

கபாபிளாங்கா தம் இரண்டு யானைகளையும் ஒரே வரிசையில் கூட்டினார். 21-வது நகர்த்தலில் ஒரு யானை சுல்தான்கானின் கோட்டைக்குள் பாய்ந்தது. செக்!

ராஜா ஒரு கட்டம் நகர்ந்தார். இரண்டாவது யானையும் பாய்ந்தது. மறுபடியும் செக்!

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுல்தான்கான் கதை முடிந்தது என்று நினைத்திருக்கலாம். அவர் கலங்கவில்லை. தம்முடைய ராணியைக் கொடுத்தார். அதற்குப் பதில் கபாபிளாங்காவின் இரண்டு யானைகளையும் வாங்கிக்கொண்டார்.

செக் என்றதும் பதறாமல், எந்த வழி திறந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கே இது முடியும். அந்த இரண்டு செக்குகளும் செக்மேட்டில் போய் முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

அதற்குப் பிறகு பலகையில் ஒரு பக்கம் ராணி. மறு பக்கம் இரண்டு யானைகள். ராணி எங்கும் பாயும். ஆனால் ஒற்றுமையாக நிற்கும் இரண்டு யானைகளை அது அசைக்க முடியாது. சுல்தான்கான் தம் யானைகளைப் பிரியவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளையத்தை இறுக்கினார்.

கபாபிளாங்கா போராடிப் பார்த்தார். 65 நகர்த்தல்கள் வரை ஆட்டம் நீடித்தது. கடைசியில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பலகையில் செக்மேட் விழவில்லை. பெரிய ஆட்டக்காரர்களுக்குள் அது பெரும்பாலும் விழுவதும் இல்லை. இனித் தப்ப வழி இல்லை என்று தெரிந்ததும், தோற்பவர் தாமே ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவார். முடிவை முன்கூட்டியே அறிவது ஜெயிப்பவருக்கும் வேண்டும், தோற்பவருக்கும் வேண்டும்.

அந்தப் போட்டியில் யூவே முதலிடம், கபாபிளாங்கா இரண்டாம் இடம், சுல்தான்கான் மூன்றாம் இடம் பெற்றார்கள். சுல்தான்கானை ஒரு மேதை என்று கபாபிளாங்காவே பின்னாளில் பாராட்டி எழுதினார்.

கழுத்தில் துணி, கையில் வெற்றி

1931-ல் டார்ட்டகோவர் என்ற புகழ்பெற்ற வீரரோடு சுல்தான்கான் தனிப் பந்தயம் ஆடினார். பன்னிரண்டு ஆட்டங்கள். ஆறரைக்கு ஐந்தரை என்ற புள்ளிக் கணக்கில் சுல்தான்கான் வென்றார்.

அதே ஆண்டு பிராக் நகரில் ஒலிம்பியாட் நடந்தது. நாடுகள் மோதும் போட்டி அது. இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? பஞ்சாபின் சுல்தான்கான்தான்!

பல நாடுகளின் தலைசிறந்த வீரர்கள் அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். சுல்தான்கான் 17 ஆட்டங்கள் ஆடினார். எட்டு வெற்றி. ஏழு சமன். இரண்டே தோல்வி. ரூபின்ஸ்டைன், பிளோர் போன்ற மாவீரர்கள் அவரிடம் தோற்றார்கள். அப்போதைய உலகச் சாம்பியன் அலெகினோடு ஆடிய ஆட்டம் சமனாக முடிந்தது.

இத்தனையும் சுகமாக நடந்துவிடவில்லை. இங்கிலாந்தின் குளிர் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியா வாட்டியது. சளியும் தொண்டை வலியும் விடாமல் தொல்லை கொடுத்தன. பல நாட்களில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆட வருவார்.

ஆனால் பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் முகத்தில் எதுவும் தெரியாது. ஜெயிக்கிறாரா, தோற்கிறாரா என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

1932-லும், 1933-லும் மறுபடி பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். நான்கு முறை கலந்துகொண்டு மூன்று முறை பட்டம்!

1933-ல் இன்னொரு அதிசயமும் நடந்தது. உமர் ஹயாத் கானின் குடும்பத்தோடு வந்திருந்த பாத்திமா என்ற பெண்மணி, பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டத்தை வென்றார். ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களும் பஞ்சாபுக்கு!

ஊர் திரும்பினார்

1933-ம் ஆண்டுக் கடைசியில் உமர் ஹயாத் கான் ஊருக்குப் புறப்பட்டார். சுல்தான்கானும் உடன் புறப்பட்டார்.

ஐரோப்பாவில் அவர் ஆடியது ஐந்து ஆண்டுகள்கூட ஆகவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோது அந்த வாழ்க்கை முடிந்துவிட்டது.

1935-ல் இந்தியாவில் கதில்கர் என்ற வீரரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். ஒன்பது வெற்றி, ஒரு சமன். அதோடு பெரிய பந்தயங்களிலிருந்து விலகிவிட்டார்.

பிறகு சொந்த ஊரில் நிலத்தையும் குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு வாழ்ந்தார். 1947-ல் நாடு பிரிந்தது. அவர் ஊர் பாகிஸ்தானில் சேர்ந்தது.

தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்றுக்கொடுக்கவில்லை. அதைவிட உபயோகமான வேலையைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம்! உலகமே வியந்த ஆட்டக்காரர் சொன்ன புத்திமதி அது.

காச நோய் அவரைப் பற்றியது. 1966-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி சுல்தான்கான் காலமானார்.

அவரைப் படிப்பறியாத வேலைக்காரர் என்று மேல்நாட்டார் பலர் எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகள் உலகம் அதையே நம்பியது. அது தவறு, நிலபுலம் உள்ள மரியாதையான குடும்பத்தில் பிறந்தவர் அவர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று அவருடைய சந்ததியார் பின்னாளில் எடுத்துச் சொன்னார்கள்.

தாமதமாக வந்த பட்டம்

1950-ல் உலகச் சதுரங்க சம்மேளனம் முதன்முதலாக 27 பேருக்குக் கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது. சுல்தான்கானிடம் தோற்ற டார்ட்டகோவருக்கும் ரூபின்ஸ்டைனுக்கும் அந்தப் பட்டம் கிடைத்தது.

சுல்தான்கானுக்குக் கிடைக்கவில்லை.

அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். ஆனால் போட்டிகளை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று அவர் ஊரைக் கூட்டவும் இல்லை.

அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில், 2024 பிப்ரவரியில், சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கியது. பாகிஸ்தானுக்குக் கிடைத்த முதல் கிராண்ட் மாஸ்டர் பட்டம் அதுதான்.

சுல்தான்கான் ஊர் திரும்பிய பின், மேல்நாட்டுச் சதுரங்கத்தில் நம் பக்கத்துப் பெயர் வெகு காலம் பெரிதாகக் கேட்கவில்லை. 1961-ல் தமிழ்நாட்டின் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1988-ல் சென்னையின் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது.

2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சிங்கப்பூரில் சீன வீரர் டிங் லிரெனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அந்தக் கடைசி ஆட்டத்திலும் பலகையில் செக்மேட் விழவில்லை. டிங் யானையை நகர்த்தியதில் ஒரு பிழை செய்தார். அதைக் குகேஷ் கண்டுகொண்டார். மூன்று நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

சுல்தான்கான் பத்திரமாக விட்டுச் சென்ற சொத்து அவர் ஆடிய ஆட்டங்கள்தான். கபாபிளாங்காவை வென்ற அந்த ஆட்டத்தின் 65 நகர்த்தல்களும் ஒன்று விடாமல் குறித்து வைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் ஒரு பலகையும் காய்களும் இருந்தால் போதும். சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து அதை ஆடிப் பார்க்கலாம். 21-வது நகர்த்தலில் கபாபிளாங்காவின் யானை பாய்ந்து வந்து செக் வைக்கும்போது, கையைச் சற்று நிறுத்துங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு சுல்தான்கான் என்ன செய்தார் என்று பாருங்கள்.